யார் மடியில் காது குத்துவது

பேத்தியின் தலையை மாதம் ஒருமுறை அளந்துகொண்டிருந்தேன். அளவு டேப் என் மனைவியின் தையல் மெஷின் டிராயரில் இருக்கும். புருவத்துக்கு மேலே வைத்து, காதுகளுக்கு மேலாகக் கொண்டுபோய், பின்மண்டை புடைத்திருக்கும் இடத்தைச் சுற்றி இழுக்க வேண்டும். குழந்தைகள் டாக்டர் அப்படித்தான் அளப்பார். பிறந்தபோது இருபத்தொன்பது சென்டிமீட்டர். முப்பத்துநான்கு இருந்திருக்க வேண்டும் என்றார்கள். ஐந்தாவது வயது நடக்கும்போது நாற்பத்தொன்று. அந்த வயதுப் பிள்ளைகளுக்கு ஐம்பதை ஒட்டி இருக்கும்.

"அப்பா, அது புள்ள தலப்பா. உங்க சுரங்கத்து ஸ்டாக் யார்டு இல்ல, எவ்ளோ கரி ஏறிச்சுன்னு தெனம் பாக்கறதுக்கு" என்பாள் மகள்.

"மாசம் ஒருவாட்டிதான் பாக்கறேன்."

"அளக்கறது ஒருவாட்டி. கண்ணால பாக்கறது நாள்பூரா."

அவள் சொன்னது சரிதான். நெய்வேலிச் சுரங்கத்தில் திட்டப் பிரிவில் முப்பத்துநான்கு வருடம் வேலை பார்த்தவன் நான். எந்த இயந்திரம் எத்தனை கன மீட்டர் மேல்மண் வெட்டியது, பெல்ட்டில் எத்தனை டன் பழுப்பு நிலக்கரி ஏறியது, ஷிப்டுக்கு வைத்த இலக்கில் எவ்வளவு பாக்கி, இவைதான் என் வேலை. ஓய்வு பெற்ற பிறகும் கை சும்மா இருந்தாலும் மனம் எண்ணிக்கொண்டே இருக்கும். கோயிலுக்குப் போனால் படிகளை எண்ணுவேன். சாம்பார் சட்டியில் முருங்கைத் துண்டுகளை எண்ணுவேன். எண்ணி முடித்தால் ஒரு நிம்மதி. கொஞ்ச நேரம்தான் இருக்கும்.

என் மகளின் கணவர் என் மனைவியின் உடன்பிறந்த தம்பி. எங்கள் பக்கத்தில் இது வழக்கம். அக்காள் மகளைக் கட்டுவது தாய்மாமனுக்கு உரிமை என்றுதான் சொல்வார்கள். ஆனால் எங்கள் வீட்டில் யாரும் அந்த உரிமையைக் கேட்கவில்லை. நானாகத்தான் எடுத்துக் கொடுத்தேன்.

என் மாமனார் இறந்தபோது மைத்துனனுக்குப் பன்னிரண்டு வயது. எங்கள் குவார்ட்டர்ஸுக்கு அழைத்துவந்துவிட்டோம். அடுத்த வருடம்தான் என் மகள் பிறந்தாள். அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு பிளாக் முழுவதும் சுற்றியவன் அவன். ஐ.டி.ஐ. முடித்தான், சில வருடம் சுரங்கத்திலேயே கான்ட்ராக்டில் கிடந்தான், பிறகு பர்மனென்ட் ஆனான்.

எனக்கு ஓய்வு நெருங்கியது. ஓய்வு பெற்றால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். என்னோடு வேலை பார்த்தவர்கள் ஒவ்வொருவராக வடலூரிலும் பண்ருட்டியிலும் மனை வாங்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். வாசலில் வேம்பும் பின்னால் பலாவும் நிற்கிற அந்த வீட்டை விட்டு வெளியே போவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. எங்களுக்கு ஒரே பெண். அவளை மைத்துனனுக்குக் கொடுத்தால் அவன் பெயரில் குவார்ட்டர்ஸ் கிடைக்கும், எல்லோரும் டவுன்ஷிப்பிலேயே இருந்துவிடலாம். ஆஸ்பத்திரி இங்கே, பள்ளிக்கூடம் இங்கே, தண்ணீர் இங்கே. மனைவியிடம் விரல் மடக்கி எட்டுக் காரணங்கள் சொன்னேன்.

அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். "வேணாங்க" என்றாள்.

"ஏன்?"

"இவளுக்குக் காது குத்துனப்ப அவன் மடியிலதாங்க ஒக்காந்தா. அழுதுகினு அவன் சட்டையெல்லாம் மூக்குச்சளி. அத நான் தொவச்சேன். அந்தக் கையாலயே எப்பிடிங்க அவங்க ரெண்டு பேருக்கும் ஆரத்தி எடுக்கறது?"

"எல்லா வீட்லயும் தாய்மாமன் மடியிலதானே குத்தறாங்க? அதுக்குன்னு கட்டாமலா இருக்காங்க?"

"எல்லா வூட்டையும் சொல்லாதீங்க. நம்ம வூட்ட சொல்லுங்க."

சொந்தத்தில் கட்டினால் பிள்ளைக்குக் குறை வரும் என்று எங்கோ படித்ததையும் அவள் சொன்னாள். அதற்கும் என்னிடம் எண்ணிக்கை தயாராக இருந்தது. எனக்குத் தெரிந்து மாமனையே கட்டிக்கொண்டவர்கள் டவுன்ஷிப்பில் பதினோரு குடும்பம். பதினொன்றிலும் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டிக்கொண்டும் பள்ளிக்கூடம் போய்க்கொண்டும் நன்றாகத்தான் இருந்தார்கள். தெருவில் ஓடிய பிள்ளைகளைத்தான் நான் எண்ணியிருக்கிறேன். வீட்டுக்குள்ளேயே வைத்து வளர்க்கப்பட்ட பிள்ளைகள் என் கண்ணிலேயே படவில்லை. பேத்தி பிறந்து, அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்த பிறகுதான், அந்தப் பதினோரு வீடுகளில் ஒன்றில் எழுந்து நடக்காத ஒரு பையன் உள்ளறையில் இருப்பது தெரிந்தது. அந்த வீட்டுக்கு நான் வருடக்கணக்காகப் பொங்கலுக்குப் போய் வாசல் பெஞ்சில் உட்கார்ந்து காபி குடித்திருக்கிறேன்.

மகளிடம் கேட்டபோது "உங்க இஷ்டம்பா" என்றாள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். இருவரும் இன்றுவரை ஒற்றுமையாகத்தான் இருக்கிறார்கள். சண்டை போட்டிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

பேத்தி மூன்றரை வயதில்தான் நடந்தாள். ஐந்தாவது வயதில் அவளுக்குப் பத்தொன்பது வார்த்தைகள். அதில் அதிகம் சொன்னது "ஆயா". என் மனைவியை அப்படிக் கூப்பிடுவாள். சோறு ஊட்டுவது, குளிப்பாட்டுவது, தூங்கவைப்பது எல்லாம் மனைவிதான். வேறு யார் ஊட்டினாலும் வாயை இறுக்கிக்கொள்வாள். தையல் மெஷின் ஓடும்போது அதன் அடியில் உட்கார்ந்து, மிதியோடு சேர்ந்து ஆடுகிற மனைவியின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள்.

கடலூரிலும் புதுச்சேரியிலும் பார்த்த பிறகு, இரண்டாயிரத்துப் பதினைந்து வாக்கில் சென்னையில் பரம்பரை நோய்களுக்கான ஒரு பெண் டாக்டரிடம் போனோம். குழந்தை, அதன் அப்பா அம்மா, என் மனைவி நால்வருக்கும் ரத்தம் எடுத்தார்கள். என்னுடையது அவசியமில்லை என்றார் டாக்டர். நான்தான் கையை நீட்டினேன். ஒரு குடும்பத்தில் ஒரு ஆளை விட்டுவிட்டுக் கணக்குப் போடுவது எனக்கு ஒப்பவில்லை.

முடிவு வந்ததும் ஐந்து பேரும் போனோம். டாக்டர் ஒரு தாளில் பேனாவால் வட்டம் போட்டுக் காட்டினார்.

"ஒரு செல் ரெண்டாகணும்னா முதல்ல அதுக்குள்ள இருக்கிற டி.என்.ஏ. முழுசையும் ஒரு நகல் எடுக்கணும். முன்னூறு கோடி எழுத்துன்னு வச்சுக்குங்க. ஒரு முனையிலேர்ந்து ஆரம்பிச்சு மறுமுனை வரைக்கும் போனா முடியாது. அதனால ஒரே நேரத்துல ஆயிரக்கணக்கான இடத்துல நகல் எடுக்க ஆரம்பிக்கும். அங்கங்க ஆரம்பிச்சு வைக்கறதுக்குச் சில புரதம் இருக்கு. உங்க பாப்பாவுக்கு அதுல ஒண்ணு பலவீனம். நகல் எடுக்கும், ஆனா மெதுவா எடுக்கும்."

"மெதுவா எடுத்தா என்னங்க டாக்டர்? முடிஞ்சா சரிதானே?" என்றான் மைத்துனன்.

"மத்த உறுப்பெல்லாம் ஓரளவு சமாளிச்சுக்கும். மூளைக்கு அந்த அவகாசம் இல்ல. வயித்துல இருக்கிற சில வாரத்துக்குள்ள அந்தச் செல்லெல்லாம் மடமடன்னு பெருகியாகணும். ஒரு தடவை நரம்பு செல்லா மாறிட்டா அப்புறம் அது பிரியாது. அதுக்குள்ள எத்தனை சேர்ந்துச்சோ அத்தனைதான்."

எனக்கு அது உடனே புரிந்தது. புரியாமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். சுரங்கத்தில் மேல்மண்ணை ஒரு மூலையிலிருந்து ஒரே இயந்திரம் வெட்டினால் ஆயுசுக்கும் நிலக்கரி தெரியாது. அதனால் தட்டுத் தட்டாகப் பல இடங்களில் பல இயந்திரங்கள் ஒரே சமயம் வெட்டும். சங்கு ஊதியும் இரண்டு இயந்திரம் கிளம்பவில்லை என்றால் அன்றைய இலக்கு தவறும். பாக்கியை அடுத்த ஷிப்டுக்கு எழுதிவைப்போம். அடுத்த ஷிப்டிலும் முடியாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை ஓட்டுவோம். பேத்தியின் தலைக்குள் நடந்த வேலைக்கு அடுத்த ஷிப்ட் இல்லை. சில வாரம், அதோடு வேலை முடித்து ஆட்கள் போய்விட்டார்கள். நான் ஐந்து வருடமாக டேப்பை வைத்துக்கொண்டு எந்தப் பாக்கி ஏறும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்?

டாக்டர் தொடர்ந்தார். ஒவ்வொரு மரபணுவும் நம்மிடம் இரண்டு பிரதி இருக்கும், ஒன்று பழுதானால் மற்றொன்று வேலையைப் பார்த்துக்கொள்ளும், இரண்டுமே பழுதானால்தான் நோய் என்றார். குழந்தைக்கு இரண்டும் பழுது. என் மகளுக்கு ஒன்று. மைத்துனனுக்கு ஒன்று. என் மனைவிக்கு ஒன்று.

"இந்தப் பாட்டியம்மாவோட அப்பா அம்மாவுல யாரோ ஒருத்தர்கிட்டேருந்து இவங்களுக்கும் வந்திருக்கு, இவங்க தம்பிக்கும் வந்திருக்கு. இவங்ககிட்டேருந்து மகளுக்கு. ரெண்டு வழியா வந்து பாப்பாகிட்ட ஒண்ணு சேர்ந்துடுச்சு."

"என்னோடது?" என்றேன்.

"உங்களுக்கு ரெண்டுமே சரியா இருக்கு."

"அப்ப என்கிட்ட இல்ல" என்றேன்.

அந்த மூன்று வார்த்தை போதாதென்று இன்னொரு முறையும் கேட்டேன். "என் பக்கத்துலேர்ந்து வரல. அப்படித்தானே டாக்டர்?"

என் குரலில் இருந்த நிம்மதி எனக்கே கேட்டது. பேத்தி மனைவியின் மடியில் இருந்தாள். மனைவி முந்தானையால் அவள் வாயோரம் வழிந்த எச்சிலைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அந்தக் கை நின்றது. பிறகு குழந்தையைத் தூக்கி மகளிடம் கொடுத்துவிட்டு, மடியில் யாரும் இல்லாமல், இரண்டு கைகளையும் முழங்கால் மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

அடுத்த குழந்தைக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு என்றும், ஒவ்வொரு முறையும் புதிதாக அதே நாலில் ஒன்றுதான் என்றும் டாக்டர் சொன்னார். மகளும் மைத்துனனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இன்னொன்று வேண்டாம் என்று அவர்கள் அங்கேயே முடிவு செய்துவிட்டதாகப் பின்னால் தெரிந்தது.

ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் மனைவி எங்களோடு உட்காரவில்லை. இரண்டு வரிசை முன்னால் ஜன்னலோரம் போய் உட்கார்ந்தாள். பண்ருட்டி தாண்டி, முத்தாண்டிக்குப்பம் தாண்டி, குவார்ட்டர்ஸ் வாசல் வரைக்கும் "ஆயா, ஆயா" என்று அழைத்துக்கொண்டே வந்தது குழந்தை. அவள் திரும்பவில்லை.

அன்றிலிருந்து அவள் பேத்தியைத் தொடவில்லை. சோறு குழைத்துத் தட்டில் போட்டு, "வந்து ஊட்டு" என்று மகளைக் கூப்பிடுவாள். குழந்தை வந்து புடவையைப் பிடித்தால், அந்தச் சின்ன விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு எழுந்து பின்கட்டுக்குப் போவாள். திட்டவில்லை, முகம் சுளிக்கவில்லை. தன் கை பட்டால் இன்னும் ஏதோ போய்விடும் என்பதுபோல விலகினாள். மகள் ஊட்டினால் குழந்தை வாயைத் திறக்கவில்லை. பாதி நாள் பாலும் பிஸ்கட்டும்தான். இரண்டே வாரத்தில் ஒரு கிலோ குறைந்தது. இருந்ததே பதினொன்றரைதான்.

"நீங்க சொன்னது எனக்கும் கேட்டுச்சுப்பா" என்றாள் மகள். "அந்த ரூம்ல எல்லாருக்கும் கேட்டுச்சு. எம் பொண்ணு பட்டினி கெடக்கறா. போய் அம்மாகிட்ட ஏதாவது பேசுங்க."

எனக்குப் பேசத் தெரிந்தது ஒரே மொழிதான். டாக்டருக்கு போன் செய்தேன். பழுதான பிரதிகள் சில எல்லோரிடமும் இருக்கும், உங்களிடமும் வேறு எவையாவது இருக்கும், நாங்கள் பார்த்தது இந்த ஒன்றை மட்டும்தான் என்றார். சந்தோஷமாக ஓடிப்போய் மனைவியிடம் சொன்னேன். அவள் கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"உன்கிட்ட ஒண்ணுன்னா என்கிட்ட ரெண்டு மூணு இருக்குமாம். பாத்தா தெரியும். அவங்க பாக்கலை, அவ்வளவுதான்."

ஒரு சட்டையை உதறிக் கிளிப் போட்டுவிட்டுச் சொன்னாள். "கணக்கு இப்ப டேலி ஆயிடுச்சுங்களா?"

"அதுக்கு இல்லம்மா..."

"என்கிட்ட இல்லன்னு நீங்க சொன்னது தப்பில்லங்க. நெசந்தானே? இல்லதான். ஆனா நான் வேணான்னு சொன்னப்ப எட்டு காரணம் சொன்னீங்களே, அதுல ஒண்ணாச்சும் டாக்டர்கிட்ட சொன்னீங்களா?"

நான் கொடிக்கு இந்தப் பக்கம், அவள் அந்தப் பக்கம். நடுவில் மைத்துனனின் காக்கி பேன்ட் சொட்டிக்கொண்டிருந்தது.

பேத்திக்கு ஐந்து முடிய ஒரு மாதம் இருந்தது. காது இன்னும் குத்தவில்லை. எங்கள் பக்கம் ஒற்றைப்படை வயதில்தான் குத்துவார்கள், தாய்மாமன் மடியில் வைத்து. என் மகளுக்கு உடன்பிறந்தான் இல்லை, ஆகவே குழந்தைக்குத் தாய்மாமன் இல்லை. அதனாலேயே தள்ளிப்போய்க்கொண்டிருந்தது. முதல் ஷிப்ட் முடித்து வந்த மைத்துனன் சாப்பிடும்போது சொன்னான்.

"இந்த மாசம் குத்திடலாம் மாமா. அக்கா மடியில வச்சி குத்தலாம்."

சமையலறையிலிருந்து பதில் வந்தது. "என் மடி வேணாந் தம்பி. எங்கிட்டேருந்து வந்தது போதும்."

"எங்கிட்டேருந்தும்தாங்க்கா வந்துச்சு. அதுக்குன்னு நான் ஷிப்டுக்குப் போவாம ஊட்லயே குந்திக்கினா இருக்கேன்?"

அவன் என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினான். "மாமா, அக்காவும் நானும் மண்ணுல கெடந்த கல்லு. எங்க வெட்டணும்னு பிளான் போட்டது நீங்க. இத நான் கோவத்துல சொல்லல. ஆனா அக்கா தனியா சொமக்கறத பாத்துக்கினு நீங்க சும்மா இருக்கீங்க பாருங்க, அதான் எனக்கு ஆவல."

காது குத்தும் நாளில் நெல்லிக்குப்பத்திலிருந்து என் அக்கா வந்தாள். என்னைவிட ஆறு வயது மூத்தவள். வாழைப்பழச் சீப்பும் வளையலும் கொண்டுவந்தாள். ரத்தப் பரிசோதனை விஷயம் அவளுக்கு எப்படியோ தெரிந்திருந்தது. 'எப்படியோ' என்ன, போனில் நான்தான் சொல்லியிருந்தேன். ஆசாரி கூடத்தில் தங்கக் கம்பியையும் சுண்ணாம்பையும் எடுத்து வைத்துக்கொண்டு, "யார் மடியிலங்க?" என்று கேட்டார்.

எல்லோரும் சமையலறைக் கதவைப் பார்த்தோம். மனைவி வெளியே வரவில்லை.

"அதுல என்னடா யோசன?" என்றாள் அக்கா, வீடு முழுக்கக் கேட்கும்படி. "நீ ஒக்காரு தம்பி. கொற இல்லாத ரத்தம் இந்த வூட்ல உன்னுது ஒண்ணுதான். உம் பொண்டாட்டி வந்த வழி அப்பிடி, அதுக்கு நீ என்ன பண்ணுவ?"

மகள் என்னைப் பார்த்தாள். மைத்துனன் தரையைப் பார்த்தான். நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். 'அக்கா, வாய மூடு' என்று மூன்று வார்த்தை போதும். நான் போய் மணையில் உட்கார்ந்தேன். குழந்தையை என் மடியில் வைத்தார்கள்.

இதை எழுதும்போதும் நான் அங்கே உட்கார்ந்ததுதான் முன்னால் வருகிறது. கல்யாணத்தை முடிவு செய்தபோது எனக்கு ஒன்றும் தெரியாது என்றாவது சொல்லிக்கொள்ளலாம். மணையில் உட்கார்ந்தபோது எனக்கு எல்லாம் தெரியும்.

ஆசாரி கைதேர்ந்தவர். வலது காதில் கம்பி ஏறியது தெரியவே இல்லை. ஒரு கணம் கழித்துத்தான் குழந்தை அலறினாள். தலையைப் பிடிக்கச் சொன்னார். எத்தனையோ முறை டேப்பால் சுற்றிய அந்தத் தலையை எப்படிப் பிடிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. கை நழுவியது. பிள்ளை என் மடியிலிருந்து வழுக்கி இறங்கி, ஒரு காதில் கம்பியும் சுண்ணாம்புமாக, கால்களை அகட்டி அகட்டி வைத்து, சுவரில் ஒருமுறை மோதி, சமையலறைக்குள் ஓடினாள்.

"ஆயா! ஆயா!"

நாங்கள் கதவருகே போனபோது மனைவி கேஸ் அடுப்புக்கும் அரிசி டப்பாவுக்கும் நடுவில் நின்றிருந்தாள். கைகளை உயரத் தூக்கிக்கொண்டிருந்தாள், சேற்றில் நிற்பவள் புடவையைத் தூக்குவதைப்போல. பிள்ளை அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டு, ரத்தமும் சுண்ணாம்பும் புடவையில் தேய, முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்தாள்.

"ஒத்த காதோட உடக்கூடாதுங்கம்மா" என்றார் ஆசாரி பின்னாலிருந்து. "கம்பி சூடு ஆறிடும்."

"கம்பிக்கு ஏதுய்யா சூடு?" என்றாள் மனைவி. எத்தனையோ நாளுக்குப் பிறகு அவள் குரலில் பழைய வெடுக்கு வந்தது.

"பேச்சுக்குச் சொன்னேங்க."

அவள் என்னைப் பார்க்கவில்லை. அக்காவையும் பார்க்கவில்லை. சிறிது நேரம் கைகள் மேலேயே இருந்தன. பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்து, பிள்ளையை மடியில் இழுத்துப் போட்டு, அந்தத் தலையை இரண்டு உள்ளங்கைகளுக்குள் பொத்திக்கொண்டாள். இரண்டு கைக்குள் முழுத் தலையும் அடங்கிவிட்டது. ஒரு காது மட்டும் வெளியே தெரிந்தது.

"இங்கயே வந்து குத்துய்யா" என்றாள்.

ஆசாரி அரிசி டப்பாவை நகர்த்திவிட்டு உட்கார்ந்தார். இடது காதுக்குப் பிள்ளை அழவே இல்லை. அன்று மத்தியானம் மனைவி ஊட்டிய பருப்புச் சோறு பதினேழு வாய் உள்ளே போனது. நான் கூடத்தில் இருந்தபடி எண்ணினேன். அக்கா சாப்பிடாமல் நாலு மணி பஸ்ஸுக்குக் கிளம்பினாள். தடுக்க என்னால் ஆகவில்லை, தடுக்க விருப்பமும் இல்லை. போகும்போது "உன் நல்லதுக்குச் சொன்னேன்" என்றாள். "தெரியும்" என்றேன். அப்போதும் அவளிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை.

குழந்தை பிழைத்துக்கொண்டாள். குறைந்த ஒரு கிலோ ஒரே மாதத்தில் திரும்ப வந்தது. மனைவி அவளைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். என்னை எடுத்துக்கொண்டாள் என்று சொல்ல முடியாது. காபி வரும், மாத்திரை வரும், "குளிக்கறீங்களா" என்ற கேள்வி வரும். அதற்கு மேல் வருவதில்லை.

பொங்கலுக்கு முன்னால் ஒருநாள் பேத்திக்குப் பாவாடை சட்டை தைக்கத் துணி எடுத்து வைத்திருந்தாள். டேப்பைத் தேடினாள். அது என் சட்டைப் பையில் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். பிள்ளையை ஸ்டூலில் நிறுத்தி அளவெடுத்தாள். இடுப்பு, உயரம், தோள், கை. ஒவ்வொன்றையும் வாய்க்குள் சொல்லிக்கொண்டாள். அவள் சொல்ல நான் எழுதித் தருவது பழைய வழக்கம். பென்சிலை எடுத்தேன். வேண்டாம் என்று சொல்லவில்லை, என் பக்கம் உரக்கவும் சொல்லவில்லை.

"சட்டைக்கு முன்னாடி பட்டன் வைக்கறியா?" என்றேன், ஏதாவது கேட்க வேண்டுமே என்று. "தலை நுழையணுமே. அளவு எடுத்துக்கோ."

டேப்பைக் கழுத்தில் மாலைபோலப் போட்டுக்கொண்டு துணியை விரித்தாள்.

"தலைக்கு அளவு வேணாம்" என்றாள். "தாராளமா நுழையும்."

டேப்பை அவள் திருப்பித் தரவில்லை. நானும் கேட்கவில்லை.